வல்லை வெளியில் நின்ற கார்

என் அம்மாவின் தம்பி இணுவிலில் ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். மாமாவுக்கு வேறு தொழில் இல்லை. காலையில் எஞ்சினை இயக்கியதும் ஒன்றிரண்டு நிமிடம் நின்றபடி ஓடவிடுவார். அதற்குமேல் நிற்பது வீண் என்பார். ஆனால் கிளம்பிய பிறகு, சூடு காட்டும் முள் நடுவுக்கு வரும்வரை, சைக்கிள்காரர்கள்கூட எங்களை முந்திக்கொண்டு போவார்கள். எனக்கு அது பெரிய மானக்கேடு.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது நெல்லியடியில் ஒரு பேச்சுப்போட்டி. மற்றப் பிள்ளைகள் பாடசாலை ஒழுங்கு செய்த வான் வண்டியில் வருவதாக இருந்தது. அவர்கள் வந்து இறங்கும்போது நான் காரில் சாய்ந்துகொண்டு நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதனால் ஒன்பது மணிப் போட்டியை எட்டு மணிக்கென்று மாமாவிடம் சொன்னேன்.

மழை விட்ட குளிர்காலை அது. அவர் எஞ்சினை இயக்கிய உடனேயே, நேரம் போகிறதென்று அழத் தொடங்கினேன்.

"பொறு பிள்ளை. எண்ணெய் இன்னும் மேலை ஏறேல்லை. குளிரோடை அடிச்சு ஓடினா உள்ளுக்கை தேஞ்சுபோம்."

"எட்டு மணிக்குப் பிறகு போனாப் பேச விடமாட்டினம், மாமா."

அவர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு காரை எடுத்தார். சுன்னாகத்துக்கு முன்பே, அந்தக் கார் போய் நான் கண்டிராத வேகம். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. புத்தூரில் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் கேட்டது. மாமா ஓரமாக நிறுத்திக் காது கொடுத்தார். நான் கையிலிருந்த மணிக்கூட்டைக் காட்டினேன். மறுபடியும் எடுத்தார். வீடு வாசல் இல்லாத, காற்று வீசியடிக்கும் வல்லை வெளிக்கு வந்ததும் கார் ஓர் உலுக்கலோடு நின்றுவிட்டது.

எஞ்சினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், பழசு, என்றோ ஒருநாள் போகவிருந்ததுதான் என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் பல வருடங்கள் நிம்மதியாக இருந்தேன். காரைத் துண்டு துண்டாக விற்றார்கள். மாமா இன்னொருவரின் வானைக் கொழும்புக்கு ஓட்டப் போனார். மாதத்தில் இரண்டு தரம் வீட்டுக்கு வருவார். வரும்போதெல்லாம் உண்மையைச் சொல்லிவிட நினைத்து, சொல்லாமலே விட்டேன். பிறகு அவரும் இல்லாமல் போனார்.

இப்போது நானும் கார் ஓட்டுகிறேன். அன்று வல்லை வெளியில் நடந்தது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. கார் நின்று அரைமணி நேரத்தில் பாடசாலை வான் வந்து நின்றது. பொறுப்பாசிரியை இறங்கி, என்னை ஏற்றிவிட்டு, மாமாவிடம் ஆறுதலாகச் சொன்னார்.

"பயப்பிடாதேங்கோ. ஒன்பது மணிக்குத்தானே தொடங்குது."

மாமா வான் யன்னலுக்குக் கிட்ட வந்தார். என் தலைமயிரை ஒதுக்கிவிட்டார்.

"வடிவாப் பேசு பிள்ளை" என்றார்.

காற்று இரைச்சலில் ஆசிரியை சொன்னது அவருக்குக் கேட்கவில்லை என்றுதான் நான் அன்று நம்பினேன்.