வெள்ளை ஜேர்சிக்குள்ள நீலக் கால்

காசுக்குப் பந்தடிக்கிறவைக்குள்ள, நடுவில நிண்டு விளையாடுறவன்ர பாடுதான் பெரும்பாடு: கோல் அடிச்சா முன்னுக்கு நிண்டவனைத் தூக்குவினம், கோல் வாங்கினா எங்களைத் தேடுவினம். முதலாளிக்கும் வேலையாளுக்கும் நடுவில நிண்டு ரெண்டு பக்கமும் ஏச்சு வாங்கிற சகோதரங்களே, உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நீலம்

இஞ்சினியரிங் படிப்பை இடையில விட்ட கையோட ரொறன்ரோவில இத்தாலிக்காரரின்ர கிளப்பில சேந்தன். அங்க எனக்கு வாய்ச்சவன் சில்வியோ. பகலில மேசன், பின்னேரத்தில வலப்பக்கம் ஓடுறவன். நான் நிமிந்து பாக்காமலே பந்தை அவன்ர காலுக்குத் தட்டிப்போட்டு ஓடுவன். அவனும் பாக்காமலே எனக்கு முன்னால திருப்பிப் போடுவான். ஒரு வெயில்காலம் முழுக்க இதையே பழகினம். கடைக்கண்ணில நீல ஜேர்சி பட்டால் போதும், கால் தன்ரபாட்டில தட்டும்.

பிறகு கிளப் தலைவற்ற மருமகன் இத்தாலியில இருந்து வந்து இறங்கினான். அவனும் நடுவிலதான் விளையாடுறவனாம். கோச் என்ர தோளில கையைப் போட்டார். "நீ அவனைவிடத் திறம்தான். ஆனா நான் ஞாயிற்றுக்கிழமையில சாப்பிடுறது அவன்ர மாமி வீட்டில."

பச்சை

அடுத்தது கிரேக்கரின்ர கிளப், பச்சை ஜேர்சி. முதல் மட்ச் அண்டைக்கே பனி கொட்டுது. யாழ்ப்பாணத்துச் சுடுமண்ணில பழகின கால் விறைச்சுக் கட்டையாப் போச்சு. ரெண்டு கையையும் கக்கத்துக்குள்ள வைச்சுக்கொண்டு மைதானத்துக்கு நடுவில மரம் மாதிரி நிண்டன். பந்து பக்கத்தால போகுது, நான் மரியாதையா வழி விடுறன். எங்கட கோல்கீப்பர் அங்கயிருந்து கத்தினான்: "டேய், உதில பஸ் நிக்காது, வெளிக்கிடு."

வீடு

நான் இருந்தது சென் ஜேம்ஸ் ரவுணில, அண்ணையோட. கிரேக்கர் என்னைக் கழட்டி விட, இங்கிலாந்துக்காரரின்ர கிளப்பில எடுத்தினம். வெள்ளை ஜேர்சி. ஆனா கோச் முதலே சொல்லிப்போட்டார்: நடுவுக்கு என்னோட சேத்து ரெண்டு பேராம், ஒராள்தான் மிஞ்சும், சனிக்கிழமை மட்ச் முடிய முடிவாம். எதிர்ப்பக்கம் ஆர் எண்டு கேட்டன். இத்தாலிக்காரராம்.

அண்ணையிட்ட சொன்னன். அவர் பேப்பரில இருந்து தலையை எடுக்கேல்லை. இந்தக் கிளப்பும் விட்டால் திரும்ப வகுப்பில போய் இருக்கவேணும் எண்டது எங்களுக்குள்ள இருந்த ஒப்பந்தம். அன்பாத்தான் சொன்னார்: "உன்ர புத்தகமெல்லாம் தூசு தட்டி மேசையில வைச்சிருக்கிறன். நீ வடிவா விளையாடு."

வெள்ளை

மட்ச் முடியப்போகுது, ரெண்டு பக்கமும் கோல் இல்லை. நானும் சொல்லும்படியா ஒண்டும் செய்யேல்லை. எதிர்ப்பக்கக் கரையில அண்ணை கை கட்டிக்கொண்டு நிக்கிறார், எனக்கு மேசையும் புத்தகமும் தெரியுது. அந்த நேரம் பந்து என்ர காலுக்கு வந்தது. கடைக்கண்ணில நீலம். கால் தட்டிப்போட்டுது.

தட்டினது சில்வியோவுக்கு. தங்கட கோலைக் காக்கவெண்டு பின்னுக்கு வந்து நிண்டவன். பழக்கத்தில நான் ஓடத் துவங்கினாப் பிறகுதான் என்ர ஜேர்சி வெள்ளை எண்டது ஞாபகம் வந்தது. சரி, முடிஞ்சுது, திங்கக்கிழமை வகுப்பு எண்டு நினைக்க, பந்து எனக்கு முன்னால வந்து விழுகுது. பாவி அவனும் பாக்கேல்லை. அடிச்சன், கோல்.

ஒருத்தரும் கத்தேல்லை. நீலக் கோல்கீப்பர் பந்தை விட்டிட்டுச் சில்வியோவைப் பாக்கிறான். சில்வியோ தன்ர காலைப் பாக்கிறான். மட்ச் முடிய கோச் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, சில்வியோவைக் கண்ணால காட்டினார். "உன்னை வைச்சிருக்கிறன். அவனையும் கூட்டிக்கொண்டு வா."

புத்தகத்தையெல்லாம் அண்ணை திரும்பவும் கட்டிலுக்குக் கீழ தள்ளிப்போட்டார். நான் மூண்டு கிளப்பில படிச்சது என்னெண்டால், ஜேர்சியை மாத்த ஒரு நிமிசம் போதும், அதைக் காலுக்கு அறிவிக்கத்தான் ஒரு கிளப்பிலயும் ஆள் இல்லை.