மணி அடித்தால் எடுக்காதீர்கள் என்று சொன்னவன்

2006ஆம் ஆண்டு மழைக்காலம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்து இருபதுக்கு என் மனைவி கிரேஸ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "என்னங்க, லைட்டப் போடுங்க" என்றாள். போட்டேன். படுக்கை விரிப்பு நனைந்து சிவந்திருந்தது. அவளுக்கு எட்டாம் மாதம்.

எங்கள் வீடு வருசநாட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே, தோட்டத்துக்குள் தனியாக இருக்கிறது. நடுவில் ஓர் ஓடை. இரண்டு நாள் மழையில் ஓடைத் தண்ணீர் தரைப்பாலத்தைத் தொட்டிருந்தது. ஊரில் தரைவழிப் போன்கள் செத்துக் கிடந்தன. என்னிடம் இருந்தது ஒரு சைக்கிளும் ஒரு செல்போனும். செல்போனுக்கும் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. எழுபது அடி தள்ளி மோட்டார் ரூமை ஒட்டிய சிமெண்ட் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்றால் இரண்டு கோடு காட்டும்.

அந்தத் தொட்டியில் நின்று நான் செய்த ஜெபத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதற்கு முன் என் தவறைச் சொல்ல வேண்டும்.

நான் ஒரு தினசரிக்குப் பகுதிநேர நிருபர். எங்கள் சபையில் முதலில் செல்போன் வாங்கியவன். அந்த வருடத் தொடக்கத்தில் சபையார் பதினான்கு பேரிடம் போன் வந்துவிட்டது. நான் ஒரு யோசனை சொன்னேன். தினமும் காலை ஐந்தரைக்கு நான் ஒருவருக்கு மிஸ்டு கால் கொடுப்பேன். அவர் அடுத்தவருக்குக் கொடுப்பார். இரண்டு மணி அடித்ததும் கட் செய்ய வேண்டும். 'எழுந்துவிட்டேன், உங்களுக்காக ஜெபிக்கிறேன்' என்று அதற்கு அர்த்தம். பெறுகிறவர் திருப்பி ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் அது ஆமென். செலவே இல்லை. ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று விதியை அறிவித்தேன்: "மணி அடித்தால் யாரும் எடுக்காதீர்கள்."

சபையார் மகிழ்ந்தார்கள். சபைப் பத்திரிகைக்கு நானே படத்துடன் ஒரு கட்டுரை எழுதினேன்.

நடந்தது வேறு. முன்பெல்லாம் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வராவிட்டால் திங்கட்கிழமை இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போவார்கள். மணி ஓடத் தொடங்கிய பிறகு அந்தப் பழக்கம் நின்றது. காலையில்தான் மணி வந்ததே, நன்றாகத்தான் இருப்பார் என்று விட்டுவிட்டோம். ஒரு சகோதரர் பதினாறு நாள் காய்ச்சலில் படுத்திருந்தார். பதினாறு நாளும் அவர் எண்ணிலிருந்து மணி வந்தது. மருமகள் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தாள். எனக்கு இது தெரிய வந்தது. செய்தியில் பிழை என்றால் மறுநாள் திருத்தம் போட வேண்டும் என்று அறிந்தவன் நான். போடவில்லை.

விதியை மீறியவர் ஒருவர்தான், செல்வமணி அக்கா. ஜீப் ஸ்டாண்டில் இட்லிக் கடை வைத்திருப்பவர். வரிசையில் எனக்கு அடுத்தவர். நான் மணி கொடுத்த உடனே எடுத்துவிடுவார்.

"தம்பி, எந்திரிச்சாச்சா? கிரேசு சாப்புடுறாளா? நேத்து மொகம் வாடிப்போய் இருந்துச்சே."

"அக்கா, எடுக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது? காசு போகுதுக்கா."

"அடிச்சா எடுக்கத்தான தம்பி போனு? எடுக்காமப் பாத்துக்கிட்டே இருக்க அதென்ன டி.வி.யா?"

இரண்டு மாதம் பொறுத்தேன். பிறகு வரிசையிலிருந்து அவரை எடுத்துவிட்டேன். என் போனில் தவறியும் அவர் எண்ணை அழுத்திவிடக் கூடாது என்று அவர் பெயரை அழித்து, ஆங்கில எழுத்தில் 'வேண்டாம்' என்று பதிந்தேன். அது பட்டியலின் அடியில் போய்ச் சேர்ந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை தொட்டி விளிம்பில் ஏறியபோது மணி ஐந்து இருபத்தெட்டு. எனக்குத் தெரிந்த ஒரே ஜீப்காரரின் போன் அணைந்திருந்தது. பாஸ்டர் ஊரில் இல்லை. ஓய்வுபெற்ற தபால்காரர் தேவசகாயம் அண்ணனை அழைத்தேன். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. அடுத்தவரை அழைத்தேன். அடுத்தவரை. விடாமல் அடித்தால் விடாமல் ஜெபிக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்கள்.

பிறகு என் போன் அடிக்கத் தொடங்கியது. இரண்டு மணி, கட். இரண்டு மணி, கட். அவசரமாக எடுத்தால் மறுமுனையில் யாரும் இல்லை. நான் எண்ணை அழுத்தும்போதெல்லாம் யாருடைய ஆமெனோ குறுக்கே வந்து விழுந்தது. சபையே எனக்காக ஜெபித்துக்கொண்டிருந்தது. என்னோடு பேச ஒருவர் இல்லை.

எஸ்.எம்.எஸ். அனுப்பலாம். ஆனால் ஆங்கில எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்தப் பட்டியலில் மூன்று பேர். அவர்களும் அந்நேரம் முழங்காலில் இருந்தார்கள்.

வீட்டுக்கு ஓடினேன். கிரேஸ் சுவரில் சாய்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. "யாராச்சும் வாராகளா?" என்று கேட்டாள். "வாராக" என்று பொய் சொன்னேன். அவளை விட்டுவிட்டுச் சைக்கிளில் போகவும் முடியாது. திரும்பத் தொட்டிக்கு ஓடினேன்.

பத்து வருடமாகச் சபையில் நீளமாக ஜெபிக்கிறவன் என்று பெயர் எடுத்தவன் நான். அன்று எனக்கு நான்கு சொல்தான் வந்தது. "ஆண்டவரே, யாராவது போனை எடுக்கட்டும்."

பெயர்ப் பட்டியலைத் திறந்தேன். கீழே போகும் பட்டனை அழுத்த நினைத்தேன். கை நடுங்கி மேல் பட்டனில் பட்டது. அந்தப் போனில் முதல் பெயரிலிருந்து மேலே போனால் கடைசிப் பெயர் வரும். 'வேண்டாம்' வந்து நின்றது. அதுவரை நினைவுக்கே வராத அக்காவை அழைத்தேன்.

முதல் மணி முடியவில்லை. "தம்பி?" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் சொன்னது நினைவிருக்கிறது. போனை அவர் வைக்கவே இல்லை. ஸ்டாண்டில் நின்ற ஜீப் டிரைவரிடம் அவர் பேசியதெல்லாம் என் காதில் விழுந்தது.

"ஏலே பாண்டி, வண்டியில இருக்குற ஆளுகள எறக்கு!"

"யக்கா, இன்னும் ரெண்டு பேரு ஏறணும்க்கா, தோட்ட வேலைக்கு நேரமாச்சு."

"ஏறுனவகளையே எறக்குங்கேன், ஏறாதவகளப் பத்திப் பேசுறான். கிரேசுக்கு ரத்தம் போகுதுடா! அடுப்ப எவளாச்சும் அமத்துங்க." பிறகு என்னிடம், "தம்பி, அங்கன நின்னு பேசாதீக. அவகிட்டப் போங்க. காலுக்கு அண்டக் குடுத்து ஒசத்தி வைங்க. நான் வாறேன்."

இருபது நிமிடத்தில் வந்தார். தரைப்பாலத்தில் பாண்டி வண்டியைப் பாதி நீந்தவிட்டுத்தான் கடந்திருக்கிறான். ஆண்டிபட்டிப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி வரை கிரேஸின் தலை செல்வமணி அக்காவின் மடியில் இருந்தது. அக்கா அவளைத் தூங்கவிடாமல் பேசிக்கொண்டே வந்தார். அங்கே பாண்டி கையை நீட்டி ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்தான்.

கிரேஸ் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை. அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று மருத்துவர் தொடங்கினார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் கொடுத்த முதல் மணிக்கும் செல்வமணி அக்கா எடுத்த மணிக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று என் போன் காட்டியது. இருபத்தாறு நிமிடம்.

கல்லறைத் தோட்டத்துக்குப் பதினான்கு பேரும் வந்தார்கள். தேவசகாயம் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மணி அடிச்சுச்சு தம்பி. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக."

 

அடுத்த ஞாயிறு நானே எழுந்து நின்று என் விதியை ரத்து செய்தேன். போட்டிருக்க வேண்டிய திருத்தத்தை அன்று போட்டேன். இப்போது எங்கள் சபையில் காலை மணி அடித்தால் எடுக்க வேண்டும். 'ஸ்தோத்திரம், நல்லாருக்கேன்' என்பதோடு விடக் கூடாது. என்ன சாப்பிட்டீர்கள், யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். குரல் தாழ்ந்திருந்தால் அன்றே வீட்டுக்குப் போக வேண்டும். வரிசையில் முதலாவதாகச் செல்வமணி அக்கா இருக்கிறார்.

வீடு திரும்பிய பிறகு ஐந்து மாதம் கிரேஸ் யாரோடும் பேசவில்லை. நான் காலையில் அவளைத் தொட்டியடிக்கு அழைத்துப் போய்ப் போனை அவள் காதில் வைப்பேன். அக்கா மாவு புளிக்காததையும் விறகு நனைந்ததையும் பேசிக்கொண்டே இருப்பார். இவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் அக்கா, "இன்னைக்கு மாவு பொங்கவே மாட்டேங்குது தாயி" என்றார். "உப்பு கூடப் போட்டிருப்பீக" என்றாள் கிரேஸ். நான் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதேன்.

நான்கு வருடமாகிறது. எங்களுக்கு வேறு குழந்தை இல்லை. ஆண்டவரே, ஏன் பாதி மட்டும் தந்தீர் என்று சில காலைகளில் கேட்கிறேன். கேட்டுவிட்டு நன்றியும் சொல்கிறேன். நான் கேட்டது ஒருவர் எடுக்க வேண்டும் என்று. நானே தள்ளிவைத்த ஒருவரைக் கொண்டு கர்த்தர் அதைத் தந்தார்.

அக்காவின் பெயரைப் போனில் இன்னும் மாற்றவில்லை. கை நடுங்கும் நேரத்தில் அது எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இதை வாசிக்கிறவர்களே, நீங்களும் கர்த்தரை நம்பிக் கூப்பிடுங்கள், சுருக்கமாகக் கூப்பிட்டாலும் போதும். நாளைக் காலை நீங்கள் ஜெபத்தில் இருக்கும்போது உங்கள் போன் அடித்தால் எழுந்து போய் எடுங்கள். அந்தப் பக்கம் யாரோ தொட்டி விளிம்பில் நிற்கலாம்.