சட்டப்படி காய்ச்சும் பியர்

கனடாவின் ஸ்காபரோவில், மரக்கறிக் கடைக்குப் பக்கத்தில், வாடிக்கையாளரே வந்து பியர் காய்ச்சும் கடை. "நானே பியர் காய்ச்சிறன் அம்மா" என்று நேற்று மகன் சொன்னதிலிருந்து எனக்குப் பயம். ஊரில் என் அண்ணனுக்குக் கண் போனது கசிப்பு என்ற கள்ளச்சாராயத்தால்தான். மகனுடைய அகதி வழக்கும் இன்னும் முடியவில்லை. கொழும்பிலிருந்து வந்த களைப்போடே அவனை இழுத்துக்கொண்டு வந்து கடைக்காரரிடம் கேட்கிறேன்.

"தம்பி, பொலிஸ் பிடிக்காதோ?"

அவரும் யாழ்ப்பாணத்தவர். சுவரில் மாட்டியிருக்கும் அனுமதிப் பத்திரத்தைக் காட்டிச் சிரிக்கிறார்.

"சொந்தப் பாவனைக்கெண்டால் சட்டம் விடுது அன்ரி. ஆனால் நொதிக்க வைக்கிற ஈஸ்ட்டை உங்கட மகன்தான் போடவேணும். நான் போட்டால் என்னைத்தான் பிடிப்பினம்! அமெரிக்காவில முந்தி வீட்டில பியர் காய்ச்சத் தடை. பெரிய கொம்பனியளின்ர தண்ணி மாதிரிச் சப்பெண்ட பியர்தான் கிடைச்சது. தடையை எடுத்தாப்பிறகு சனம் வீட்டில காய்ச்சிப் பழகி, இப்ப நல்ல பியர் செய்யுது."

"பழுதாப் போனால்? கண்ணுக்கு?"

"புளிக்கும், அவ்வளவுதான். ஊத்திப்போட்டுத் திரும்பக் காய்ச்சலாம். கசிப்பு மாதிரி இதை வடிக்கிறேல்லை அன்ரி, கண்ணுக்கு ஒண்டும் ஆகாது."

மகன் கையைக் கழுவிவிட்டு வாளிக்குள் ஈஸ்ட்டைத் தூவுகிறான். எனக்குப் பயம் தெளிகிறது. வந்திறங்கியபின் இப்போதுதான் அவனைச் சரியாகப் பார்க்கிறேன்.

"தலைமயிரை வெட்டடா" என்கிறேன்.