கூட நடக்க இரண்டு பேர்

ரஸ் பொகோர்னிக்குக் குரலைத் தவிர வேறு சொத்து கிடையாது என்று அவனுடைய முன்னாள் மனைவி தெரேசா சொல்வாள். அதைப் பாராட்டாகச் சொன்ன காலமும் இருந்தது.

சிகாகோவுக்கு மேற்கே, வில்லோ ரிட்ஜ் ஹைஸ்கூலில் படித்து, அந்த ஊரிலேயே தங்கி, வீடுவீடாகப் போய் ஹீட்டர் ரிப்பேர் செய்கிறவன் அவன். இலையுதிர் காலத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துவிட்டால் பள்ளி ஸ்டேடியத்தின் உச்சியில் இருக்கும் கண்ணாடி அறைக்கு ஏறி மைக்கைப் பிடித்துக்கொள்வான். யார் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான், யார் அவனைக் கவிழ்த்தான், கார் நிறுத்துமிடத்தில் எந்த நீல வேன் விளக்கை அணைக்காமல் நிற்கிறது, எல்லாம் அவன் வாயால்தான் ஊருக்குத் தெரியும். சம்பளம் என்று எதுவும் கிடையாது. ஒரு ஹாட் டாக், ஒரு காப்பி, அவ்வளவுதான். மணவாழ்க்கை முறிந்ததற்கும் இந்த வெள்ளிக்கிழமைகளுக்கும் சம்பந்தமில்லை என்பான். தெரேசா அந்தப் பேச்சுக்கே வருவதில்லை.

மகன் நோலன் இந்த வருடம் பள்ளியை முடிக்கிறான். அமெரிக்க ஃபுட்பால் அணியில் முன்வரிசையில் நின்று முட்டுகிற பருத்த பையன்களில் ஒருவன். ஒவ்வொரு வருடமும் சொந்த மைதானத்தில் நடக்கும் கடைசி ஆட்டத்துக்கு முன்னால், பள்ளியை முடிக்கும் ஆட்டக்காரர்கள், பேண்டு வாசிப்பவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக மைதானத்தின் நடுவரை நடந்து வருவார்கள். இரண்டு பக்கமும் பெற்றவர்கள். அம்மா கையில் ஒரு பூ. மேலிருந்து பெயர்கள் படிக்கப்படும், ஜனம் கைதட்டும். ஒரு தடவை ஒரு குடும்பம் அத்தை, சித்தப்பா, நாய் சகிதமாக நடந்து, ஆட்டம் தாமதமாகி, எதிரணிக் கோச் குதிகுதியென்று குதித்தார். அதிலிருந்து ஒருவருக்கு இரண்டு பேர் மட்டும்தான்.

எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளின் பெயரைப் படித்துவிட்ட ரஸ்ஸுக்கு, தன் பிள்ளையோடு அந்தப் புல்லில் ஒரு தடவை நடந்துவிட வேண்டும் என்று இருந்தது. வரும் வெள்ளிக்கிழமை அந்தச் சில நிமிடங்களுக்கு மைக்கைப் பார்த்துக்கொள்ள லைலிடம் சொல்லியும் வைத்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து பைனாகுலரில் ஆட்டக்காரர்களின் எண்ணைப் பார்த்துச் சொல்கிறவன் லைல்.

திங்கட்கிழமை பயிற்சி முடிந்து நோலனை வண்டியில் ஏற்றிக்கொண்டு சாண்ட்விச் வாங்கிக் கொடுத்தான். பாதி தின்றபின் பையன் சொன்னான்.

"அப்பா, வெள்ளிக்கிழமை என்கூட அம்மாவும் பிரெட்டும் நடக்கிறாங்க."

பிரெட் மார்க்கெட்டி, தெரேசாவின் இப்போதைய கணவன்.

"நீங்கதான் மேல இருப்பீங்களே," என்றான் நோலன். "என் பேர நீங்க படிக்கணும்ப்பா. லைல் படிச்சா அது நான்தான்னு எனக்கே தெரியாது."

"ஆமாமா," என்றான் ரஸ். "நல்லாத்தான் யோசிச்சிருக்க."

பையன் அதை ஒரு பரிசைப்போலக் கொடுத்தான். கொடுத்த கையில் எப்படித் திருப்பி வைப்பது? சாண்ட்விச்சில் வைத்த மிளகாய் ஊறுகாய் உறைக்கிறது என்று சொல்லி ரஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள், விழாப் பொறுப்பில் இருந்த மிஸஸ் ஓடமிடம் போய் நின்றான். மூன்றாவதாக ஓர் ஆள் நடக்க முடியுமா?

"ரஸ், உங்களுக்குச் சரின்னா நாளைக்கு நாப்பது பேர் வாசல்ல நிப்பாங்க. இந்த ஸ்கூல்ல பாதி வீட்ல ரெண்டு அப்பா, ரெண்டு அம்மா. நான் என்ன பண்ணட்டும்? அந்த நாய வேற மறுபடி கூட்டிட்டு வருவாங்க."

புதன்கிழமை பிரெட்டே போன் செய்தான்.

"நான் பேசறது நோலனுக்குத் தெரியாது. அப்பா நீங்கதான். நீங்க நடங்க, நான் கேலரில உக்காந்துக்கறேன்."

ரஸ்ஸுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் ரஸ்ஸின் ஊர்ப் பக்கத்து மனிதர்களுக்கு ஒரு வழக்கம். தட்டில் மிஞ்சிய கடைசித் துண்டு கேக்கை நீட்டினால் முதலில் வேண்டாம் என்பார்கள். மறுபடி நீட்டினால், வேறு யாருக்காவது வேண்டியிருக்குமே என்பார்கள். மூன்றாவது தடவைதான் கை நீளும். முதல் 'வேண்டாம்' கணக்கிலேயே சேராது. ரஸ் அப்படி வளர்ந்தவன்.

"சேச்சே, அதெல்லாம் வேண்டாங்க," என்றான். "பையன் உங்களத்தான கூப்பிட்டிருக்கான்."

சொல்லிவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பிரெட் மறுபடி கேட்பதற்காகக் காத்திருந்தான்.

பிரெட் நியூ ஜெர்சிக்காரன். அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

"அப்படியா சொல்றீங்க," என்றான் பிரெட். "பெரிய மனசு ரஸ் உங்களுக்கு. இத நான் மறக்கவே மாட்டேன்."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

லைல் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "போன் பண்ணிச் சொல்லித் தொலையேன்டா."

"என்னன்னு சொல்றது? நான் வேண்டாம்னது வேண்டாம்னு இல்லன்னா?"

"ஆமா, அதத்தான்."

"அந்தாளுக்குப் புரியுமா?"

லைல் யோசித்தான். "புரியாது. அவனுக்குப் புரிய வைக்கிறதுக்குள்ள நோலனுக்குப் பேரன் பொறந்துடுவான்."

வியாழக்கிழமை ரஸ் எப்படியோ துணிந்து கூப்பிட்டான். எடுத்தது தெரேசா.

"பிரெட் கடைக்குப் போயிருக்கார். வெள்ளிக்கிழமைக்குப் புதுக் கோட்டு வேணுமாம். நேத்து உன்கிட்ட பேசிட்டு வந்து அழுதுட்டார் மனுஷன். உனக்கு இவ்வளவு பெரிய மனசுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே ரஸ். என்கூட இருந்தப்ப அத எங்க ஒளிச்சு வச்சிருந்த?"

புதுக் கோட்டு வாங்கப் போன ஆளிடம் எதைத் திருப்பிக் கேட்பது?

"எதுக்குக் கூப்பிட்ட?"

"குளிர் வந்துடுச்சில்ல. ஹீட்டர் ஒழுங்கா ஓடுதான்னு கேக்கலாம்னுதான்."

"நல்லா ஓடுது."

"அப்ப சரி."

வெள்ளிக்கிழமை ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. பேண்டு பள்ளிப் பாட்டை வாசித்து முடித்தது. பெயர்கள் அகரவரிசையில் போய்க்கொண்டிருந்தன. ஒரு பெயர் முடியும் முன்பே அடுத்த குடும்பம் எல்லைக்கோட்டில் வந்து நின்றது. நோலனின் முறை நெருங்கியபோது லைல் மைக்கின் மேல் கையை வைத்து மறைத்தான்.

"நான் படிக்கிறேன்டா. இறங்கி ஓடு. வேலியோரமாவது போய் நில்லு."

"என்னத்தான் படிக்கச் சொன்னான்," என்றான் ரஸ், அவன் கையை எடுத்துவிட்டு.

"நோலன் பொகோர்னி." குரல் எப்போதும்போல உருண்டு மைதானம் முழுக்கப் பரவியது. "உடன் வருபவர்கள், தாய் தெரேசா மார்க்கெட்டி, பிரெட் மார்க்கெட்டி."

நோலன் நடந்தான். தோள்கவசம் இடித்ததில் பிரெட் கொஞ்சம் தள்ளாடினான், கோட்டைச் சரிசெய்துகொண்டு பையனின் முதுகில் கை வைத்தான். தெரேசாவிடம் பூ. மைதானத்தின் நடுவில் நோலன் நின்று, திரும்பி, கண்ணாடி அறையைப் பார்த்துக் கையை உயர்த்தினான். ரஸ்ஸும் உயர்த்தினான். விளக்குகள் போட்டபின் கீழிருந்து பார்த்தால் அந்தக் கண்ணாடி வெறும் வெள்ளைப் பலகைதான். உள்ளே யார் கை தூக்கினாலும் தெரியாது.

"ரஸ்," என்றான் லைல் மெதுவாக. "அடுத்த பையன் நடக்க ஆரம்பிச்சுட்டான்."

பேண்டில் ஊதும் ஒல்லிப் பையன். அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். பெயர் சொல்லப்படாததால் மூன்று பேரும் தயங்கித் தயங்கி, மேலே பார்த்தபடி வந்துகொண்டிருந்தார்கள்.

"ஆஸ்கர் கின்டேரோ," என்று படித்தான் ரஸ். "உடன் வருபவர்கள், தாய், தந்தை."