எங்கள் வீட்டை இடிக்க மறுத்த தனம் அக்கா

செய்தி வந்தபோது நான் பாசாரில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். அழைத்தவர் சுந்தரம். இருபது ஆண்டுகளாகத் தனம் அக்காவிடம் கொத்து வேலை பார்த்தவர். "அண்ணே, அக்கா போயிட்டாங்க" என்றார். மீனை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் என் மனைவி காமாட்சி அடுப்பை அணைத்தாள். யார் என்று கேட்கவில்லை. அக்காவின் நோய் முற்றிவிட்டது எங்கள் இருவருக்கும் தெரியும்.

கோலா கெத்தில் பக்கம் சொந்த வீடு வைத்திருக்கும் தமிழர்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் வீடுகளைப் புதுப்பித்துக் கட்டித்தரும் குத்தகையாளர். 'கொந்தரேக்டர் தனம்' என்றால் பாலிங் டவுன் வரைக்கும் தெரியும். ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் ஒரு சீன முதலாளியிடம் சிமெண்டு கலக்கப் போனார். கலக்கிக்கொண்டே கட்டவும் கற்றுக்கொண்டார். பிறகு சொந்தமாக ஆட்களைச் சேர்த்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தானே லாரியும் ஓட்டினார். ஒரு பொம்பளை என்ன கட்டிக் கிழிக்கப் போகிறாள் என்று பேசியவர்கள் பலர். அவர்களில் பாதிப்பேர் இன்று அவர் கட்டிய அடுப்படியில்தான் சாப்பிடுகிறார்கள். அப்படிப் பேசியவர்களில் நானும் ஒருவன். இதை மறைத்து எழுதினால் அக்கா சும்மா விடமாட்டார்.

அவரைப் பற்றி ஊரில் ஒரே ஒரு குறைதான் உண்டு. வேலைக்குக் கூப்பிட்டால் உடனே ஒப்புக்கொள்ள மாட்டார். மற்றவர்கள் அளவு நாடாவோடு வந்து இறங்குவார்கள். அக்கா முதல் இரண்டு தடவை வெறுங்கையோடு வருவார். ஒரு தடவை சமைக்கிற நேரத்தில் வந்து அடுப்படி ஓரமாக நிற்பார். இன்னொரு தடவை நல்ல மழையில் வருவார். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தப் பிள்ளைக்குப் பரீட்சை, யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்று விசாரிப்பார். "வூட்ட எப்ப வேணாலும் ஒடைக்கலாம். உள்ள இருக்கிறவங்களுக்கு அது எந்த நேரம்னு பாக்கணும்" என்பார். பாதி வீடுகளில் அவர் சொன்ன பதில் "இப்ப வேணாம்" என்பதுதான்.

ஆடி முடிந்ததும் நம் ஆட்களுக்கு ஒரு வேகம் வரும். தீபாவளிக்குள் வீட்டைப் புதுசாக்கிவிட வேண்டும். அந்த இரண்டு மூன்று மாதத்தில் அக்கா சாயம் அடித்துத் தருவாரே தவிர, சுவரில் கை வைக்க மாட்டார். எங்கள் எதிர்வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு வேறு ஆளை வைத்து இடித்தார். அந்தத் தீபாவளிக்கு அவர்கள் கார் நிறுத்துகிற இடத்தில் நீலக் கென்வஸ் விரிப்பைக் கட்டி முறுக்கு சுட்டார்கள். விருந்துக்குப் போன நாங்கள் சிமெண்டு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். அக்காவும் வந்திருந்தார். குத்திக்காட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. முறுக்கு நல்ல பதமாக வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

இவ்வளவும் பார்த்த எனக்கே புத்தி வரவில்லை. என் மகனுக்கு அலோர் ஸ்டாரில் பெண் பேசி முடித்தோம். சம்பந்தி வீட்டில் எல்லாரும் அரசாங்க உத்தியோகம். அவர்கள் வீடு பளிங்கு மாதிரி இருந்தது. எங்கள் வீடோ தாமான் குடியிருப்பில் மலிவு விலைக்கு வாங்கிய வரிசை வீடு. பின்னால் தகரக் கூரை போட்ட அடுப்படி, அதைத் தாண்டிக் குளியலறை. அவர்கள் விருந்துக்கு வந்தால் கை கழுவக்கூட அந்தத் தகரத்துக்கு அடியில்தான் போக வேண்டும். நினைத்தாலே எனக்குக் கூசியது. பின்பக்கம் முழுவதையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தாருங்கள் என்று அக்காவைக் கூப்பிட்டேன்.

அவர் வந்தது பகல் சமையல் நேரத்தில். எங்கே சுவர் வர வேண்டும், எங்கே ஜன்னல் வர வேண்டும் என்று நான் கையை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது ஆண்டு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அப்பாவுக்கு, இனிப்புநீர் நோயால் இரண்டு கண்ணும் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். சுவரை விரல் நுனியால் தொட்டபடி அடுப்படிக்கு வந்தார். மேசை முனையில் திரும்பினார், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைத் தொட்டார், நேராகக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தினமும் நடப்பதுதான். எனக்கு அதில் பார்க்க எதுவும் இருந்ததில்லை.

அப்பா திரும்பி வந்ததும் அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மகன் பின்பக்கத்தை இடிக்க வேண்டும் என்கிறார், உங்களுக்கு எப்படி என்று கேட்டார். எனக்கென்னம்மா தெரியும், பையன் பார்த்துச் செய்வான் என்றார் அப்பா. சொல்லும்போது அவருடைய கை பக்கத்துச் சுவரைத் தடவியது. வாசலுக்கு வந்த பிறகுதான் அக்கா என்னிடம் பேசினார்.

"தம்பி, இப்ப வேணாம்லா. ஐயா இன்னும் தானா நடக்கிறாரு. நீங்க இடிச்சீங்கன்னா, அன்னையிலேருந்து அவர ஒருத்தர் புடிச்சிக்கிட்டுதான் போவணும். இந்த வயசுல புது வழி அவருக்குப் படியாது."

எனக்குச் சுள்ளென்று வந்தது. என் வீட்டை எப்போது கட்டுவது என்று நீங்கள் சொல்ல வேண்டாம், ஊரில் வேறு ஆளா இல்லை என்று கேட்டுவிட்டேன். அக்கா கோபப்படவில்லை. ஆள் நிறைய இருக்கிறார்கள், போங்கள், அதற்கு முன்னால் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு உங்கள் வீட்டில் நடந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினார். அப்போது அவருக்குக் கையில் வேறு வேலை இல்லை என்பது பிறகு சுந்தரம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மறுநாள் காமாட்சி கோயிலுக்குப் போன சமயத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் மேசை முனை தொடையில் குத்தியது. அடுத்து அரிசி வாளியில் இடறினேன். என் சொந்த வீட்டில், நான் தினமும் புழங்குகிற வீட்டில், குளியலறை எந்தப் பக்கம் என்றே தெரியாமல் நின்றேன். "யாருப்பா அது, என்னா வேணும்?" என்று அப்பா எழுந்து வந்து, என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். அன்றே அக்காவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தேநீர் கொடுத்துவிட்டுக் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

தகரக் கூரையோடுதான் கல்யாணம் நடந்தது. சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வந்தார்கள். சாப்பிட்டு முடித்து அப்பா எழுந்ததும், சம்பந்தி ஓடி வந்து அவருடைய தோளைப் பிடித்தார். "இருக்கட்டும் தம்பி, இது என் வூடு, எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் அப்பா ஒருவர் மீதும் இடிக்காமல் போய்க் கை கழுவிவிட்டு வந்தார். சபையே அவரைப் பார்த்தது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைப் பளிங்குத் தரை தந்திருக்காது. அதன் பிறகு மூன்று வருடம் அப்பா இருந்தார். கடைசி வாரம் வரை ஒருவரும் அவரைப் பிடித்து அழைத்துப் போகவில்லை.

அப்பாவின் வருடத் திதி முடியும்வரை காத்திருந்தேன். அதற்குள் அக்கா நோயில் விழுந்திருந்தார். சிகிச்சைக்கு நடுவே ஒருநாள் சுந்தரம் அவரைக் காரில் அழைத்து வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, இடிக்க இது தோதான நேரமா என்று இந்த முறை காமாட்சியைக் கேட்டார். அடுத்த வாரமே தொடங்க வேண்டும் என்று நான் குறுக்கே பேசினேன். எனக்கு வேறு கணக்கு இருந்தது. அக்கா இருக்கும்போதே, அவர் கையால் எங்கள் வீட்டில் ஒரு வேலை நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். காமாட்சி தயங்கித் தயங்கி, மருமகள் முழுகாமல் இருப்பதைச் சொன்னாள்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது நம் வழக்கம். அதெல்லாம் பழைய பேச்சு என்றேன். அக்கா சிரித்தார்.

"பழசுன்னு தள்ளாதீங்க. அந்தத் தூசியும் சத்தமும் புள்ளத்தாச்சிக்கு ஆவுமா? அவ பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்குப் போவா. புள்ள பொறந்த சேதி வந்த மறுநாளு ஒடைங்க. அவ தூக்கிக்கிட்டு வர்றதுக்குள்ள தரை காஞ்சிரும்."

"அதுக்குள்ள நீங்க..." என்று இழுத்தேன்.

"நான் இருக்கேங்கிறதுக்காக வூட்ட இடிக்கக் கூடாது தம்பி" என்றார்.

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. அவருடைய காரியம் முடிந்து ஒன்பதாவது நாள் எனக்குப் பேத்தி பிறந்தாள். மறுநாள் காலை நான் கூப்பிடாமலே அக்காவின் லாரி வாசலில் வந்து நின்றது. குழந்தை பிறந்துவிட்டதா என்று சுந்தரம் என் மகனிடம் வாரா வாரம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்; அக்கா அப்படிச் சொல்லி வைத்திருந்தாராம். எங்கே தொடங்கட்டும் அண்ணே என்று என்னைக் கேட்டார். காமாட்சியைக் கேளுங்கள் என்றேன். இருபத்தாறு வருடமாக அங்கே சமைத்தவள், எனக்குத் தோன்றவே தோன்றாத ஓர் இடத்தைக் கை நீட்டிக் காட்டினாள்.

அக்காவை அறிந்தவர்களே, உங்கள் வீடுகளில் அவர் கட்டிய சுவர்கள் இருக்கின்றன. தொட்டுக் காட்டுவதற்கு உங்களிடம் ஏதாவது உண்டு. எங்கள் வீட்டில் அவர் ஒரு செங்கல்கூட வைத்ததில்லை. ஆனால் என் அப்பா கடைசிவரை தன் வீட்டில் தானாகவே நடந்தார் என்று என்னால் தலை நிமிர்ந்து சொல்ல முடிகிறது. அதை எனக்குக் கொடுத்தவர் தனம் அக்கா.