ஓனர் யாருமில்லன்னு எங்க தெரு சொன்ன வருஷம்

சுனாமி வந்துச்சே, அதுக்கு மறு வருஷம் ஒரு மழை பெஞ்சு ஆத்து தண்ணி எங்க தெரு முனை வரைக்கும் ஏறிச்சு. அந்த மழை காஞ்சு ரெண்டு பொங்கல் போயிருக்கும். வருஷத்த நம்பர் போட்டு சொல்ல எனக்கு வராது. ஆத்தோரம் நான் கீரை போட்டுகினு இருந்தேன். மழை கொண்டாந்து போட்ட வண்டல் ரெண்டு வருஷம் நல்லா வெளஞ்சு குடுத்துச்சு. அப்பால தான் மறுபடி எருவு வாங்கி கொட்டினேன். அந்த எருவு கொட்டின வாரம் நிலம் அளக்கற டேப்பு புடிச்சிகினு ஆளுங்க வந்தாங்க. அத்த வெச்சு தான் எனக்கு ஞாபகம்.

எங்க வூடு பொழிச்சலூர் பக்கம். பிளேன் எறங்கும்போது சக்கரத்த எண்ணலாம். புதுசா குடி வர்றவங்க காத பொத்திப்பாங்க. எங்களுக்கு அது இன்னா, பேச்ச நிறுத்தி மறுபடி ஆரம்பிக்கறது, அவ்ளோ தான். என் சம்சாரம் என்ன திட்டிகினு இருக்கும்போது பிளேன் வந்தா வாய மூடுவா. போன உடனே வுட்ட எடத்துலேர்ந்து புடிப்பா. ஒரு வார்த்தை கொறையாது.

அவ தம்பி, என் மச்சான், ஏர்போர்ட்டுல சாமான் தள்ளற வண்டிய எல்லாம் வரிசையா கோத்து இட்டாந்து வுடற வேலை. வாரத்துல ஒரு நாள் வருவான். அந்த தபா வந்தவனுக்கு கால் தரையில நிக்கல.

"மாமா, ஏர்போர்ட்டு மூஞ்சியே மாறப்போவுது. முழுக்க கண்ணாடியாம். போர்டு மாத்தறாங்க, சின்னம் மாத்தறாங்க, எங்க சட்டை கலர் கூட மாத்தறாங்க. இனிமே துபாய், சிங்கப்பூரு மட்டும் இல்ல. எங்கெங்கேர்ந்தோ நேரா இங்க வந்து எறங்கும்."

"எறங்கட்டும். எங்க எறங்கும்?"

"இன்னா மாமா கேக்கற. ரன்வே பெருசாக்குவாங்க."

"எது மேல?"

டீய ஊதி ஊதி குடிச்சான். என் சம்சாரம் அடுப்புக்கிட்டேர்ந்து திரும்பி பாத்தா. அவ கையில கரண்டி அப்படியே நின்னு போச்சு.

எனக்கு ஏன் பயம் வந்துச்சுன்னா, எங்க அப்பா காலத்துல ஒரு தபா இப்படி அளந்தாங்க. எனக்கு அப்ப மீசை கூட வரல. வேர்க்கடலை போட்ட நிலம். எங்க அப்பா பேரு சொன்னாரு, அவங்கப்பா பேரு சொன்னாரு, சர்வே நம்பர் கூட மனப்பாடமா சொன்னாரு. நிலம் ஏர்போர்ட்டு வேலிக்கு அந்தாண்ட போயிடுச்சு. காசு குடுத்தாங்க, குடுக்கலன்னு சொல்லல. ஆனா எங்க ஜனம் இன்னா புரிஞ்சிகிச்சுன்னா, பேரு சொன்னவன் நிலம் தான் போவும். சொல்லாதவன்து நிக்கும். சொல்லாம இருந்தவங்க யாருன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. இருந்தும் அத்த தான் நம்பினோம்.

அந்த சேதி தெரு பூரா ஒரே நாள்ல பரவிச்சு. டீக்கடையில பாதி பேரு, நல்லது தான், டாக்சி ஓட்டலாம், லாட்ஜ் கட்டலாம்னு பேசினாங்க. மீதி பேரு எழுந்து வூட்டுக்கு போயிட்டாங்க. எங்க தெருவு நத்தம், குடியிருக்கன்னு வுட்ட ஊரு நிலம். பட்டா ஒருத்தர்கிட்டயும் கெடயாது. வூட்டு வரி ரசீது தான், அதுவும் செத்து போன அப்பன் பேர்ல.

சரி, அம்மன கேப்போம்னு முடிவாச்சு. எங்கள்ல பூ கட்டி பாக்கற வழக்கம். ஒரு பொட்டணத்துல வெள்ளை பூ, இன்னொன்னுல செவப்பு. ரெண்டையும் அம்மன் காலடியில போட்டு கொழந்தைய வுட்டு எடுக்க சொல்வாங்க. கல்யாணத்துக்கு பாப்போம், கெணறு தோண்ட பாப்போம். அன்னிக்கு கேட்டது, அளக்க வந்தா பேரு சொல்லலாமா வேணாமா. வெள்ளை வந்தா சொல்லக்கூடாது. முனை வூட்டு பாப்பா, மூணு வயசு இருக்கும், மூக்கு ஒழுகிகினு போயி ஒன்ன எடுத்துச்சு. வெள்ளை.

மச்சான் என் காதுக்கிட்ட, "அம்மனுக்கு பட்டாவ பத்தி இன்னா மாமா தெரியும்"ன்னான். நான் அவன் தொடையில கிள்ளினேன். பக்கத்துல நின்னவங்க காதுல வுழுந்தா பேஜாராயிடும்.

நாலு நாள் கழிச்சு அளக்க வந்தாங்க. மூணு பேரு. ஒருத்தர் டேப்பு, ஒருத்தர் கொம்பு, ஒருத்தர் எழுதற சாரு. நான் வாசல்ல கீரைய கட்டு கட்டிகினு இருந்தேன். வாழநாரு முடிச்சே வுழல. மொதல் வூடு எங்க பக்கத்து வூட்டு அக்காது. இட்லிக்கு மாவு அரைச்சு விக்கறவங்க. சாரு கேட்டாரு, "இது யாரு வூடும்மா?"

அக்காவுக்கு பொய் சொல்லி பழக்கமில்ல. முழிச்சாங்க. அப்பால, "ஓனரு பாம்பேல கீறாரு சார். நாங்க வாடகை"ன்னாங்க. ஏன் பாம்பேன்னு இன்னி வரைக்கும் அவங்களுக்கே தெரியாது.

அடுத்தது நான். எனக்கும் வேற ஊரு வாயில வரல. "பாம்பே சார்."

எனக்கடுத்த வூடு, அதுக்கடுத்த வூடு, எல்லாம் பாம்பே. அந்த சாரு பேனாவ மூடிட்டு தெருவ பாத்தாரு. "ஏன்யா, இந்த தெரு ஓனருங்க மொத்தம் பாம்பேலயா? இவங்கள இட்டாரவே ஒரு பிளேன் தனியா வுடணும் போல கீதே"ன்னாரு. ரெண்டு பேரு சிரிச்சிட்டாங்க. எனக்கு சிரிப்பு வரல.

நல்ல மனுஷன் தான். எழுதினத படிச்சும் காட்டினாரு. இந்த வூட்டுல குடியிருப்பவர் வாடகைக்கு இருக்கார், உரிமையாளர் வெளியூர்ல. "சரியா பெரியவரே?"ன்னு கேட்டாரு. தலையாட்டினேன். நான் கைநாட்டு. கட்டை வெரல்ல மை தடவி வெச்சு அமுக்கினேன். எங்க அப்பா கட்டின வூட்டு வாசல்ல ஒக்காந்துகினு அது என்து இல்லன்னு வெரல் வெச்சேன்.

அடுத்த வாரம் மச்சான் புது சேதியோட வந்தான். வெளிநாட்டு கம்பெனிக்காரங்க வந்து பாத்துட்டு போனாங்களாம், ஏர்போர்ட்டு வாசல்ல புது போர்டுக்கு கம்பி நட்டாச்சாம். அப்பால மெதுவா சொன்னான். "மாமா, எடுத்தா ஓனருக்கு தான் பதிலுக்கு நிலம்னு அங்க பேசிக்கறாங்க. வாடகைக்காரன காலி பண்ணுன்னு சொல்லிடுவாங்களாம். நீ இன்னான்னு எழுதி குடுத்த?"

என் சம்சாரம் என்ன பாத்தா. திட்டல. அது தான் எனக்கு பயம். பிளேன் ரெண்டு போச்சு, அப்பவும் அவ வாய தொறக்கல. எழுந்து போயி தகர டப்பாவ எடுத்து வரி ரசீத எல்லாம் தரையில பரப்பி வெச்சா. எலி கடிச்சது பாதி.

அதுலேர்ந்து ஜீப்பு சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடுவேன். தண்ணி லாரி வந்தா கூட எழுந்து நிப்பேன். செவுத்த தொட்டு தொட்டு பாப்பேன். மழைக்கு அப்பால பூசின செவுரு அது. வூடு போனா எங்க போவறதுன்னு ஒரு பயம். பொய் சொன்னதுக்கு புடிச்சு உள்ள போட்டுடுவாங்களோன்னு இன்னொன்னு. ரெண்டாவது பயத்தால தான் பத்து நாள் ஆபீஸ் பக்கமே போவல.

அப்பால ரசீத மஞ்ச பையில போட்டுகினு தாம்பரத்துக்கு பஸ் ஏறினேன். ஆபீஸ்ல ஒரு அம்மா, கண்ணாடி போட்டவங்க, என் பேப்பர தேடி எடுத்தாங்க. ரசீத பாத்தாங்க. கைநாட்ட பாத்தாங்க.

"அன்னிக்கு பொய் சொன்னீங்களா பெரியவரே, இல்ல இன்னிக்கு சொல்றீங்களா?"

"அன்னிக்கு தாம்மா."

"ஏன்?"

பூ கட்டி பாத்தோம்னு சொல்ல நாக்கு வரல. "பயம்மா"ன்னேன். அவங்க ரசீத மடிச்சு என்கிட்ட குடுத்தாங்க. அப்பால, "மனு எழுதி குடுங்க. இது உங்க வூடு தான்னு அதே தெருவுல வூடு இருக்கற ரெண்டு பேரு சாட்சி சொல்லணும்"ன்னாங்க.

பஸ்ல வரும்போது தான் ஒறைச்சுது. எங்க தெருவுல வூடு இருக்கறவன் யாரு? எல்லாரும் தான் வாடகைன்னு வெரல் வெச்சுட்டோமே.

சாயந்திரம் கோயிலாண்ட எல்லாரையும் கூப்ட்டு சொன்னேன். எல்லாரும் போயி உண்மைய சொல்லிடலாம்னேன். ஒருத்தன் தரைய பாக்கறான், ஒருத்தன் பீடி பத்த வெக்கறான். மொதல்ல போறவன் வூட்ட தான் மொதல்ல எடுப்பாங்கன்னு ஒரு குரல். "நீ தனியா ஆபீஸுக்கு போயி வெல பேசிட்டு வந்தியா"ன்னு இன்னொருத்தன். என்கூட கோலி ஆடினவன் அவன். "அம்மன் வாக்க மீறாத, உன்னால தெருவே போவும்"னு ஒரு கெழவி மண்ண வாரி தூத்திச்சு. அந்த ஜனத்துக்கு அவ்ளோ பயந்தது அன்னிக்கு தான்.

மாவு அரைக்கற அக்கா மட்டும் மறுநாள் காலையில பொடவைய மாத்திகினு வந்து வாசல்ல நின்னாங்க. "பாம்பேன்னு ஆரம்பிச்சது நான் தானேப்பா. வா போலாம்."

நான் அவங்களுக்கு சாட்சி, அவங்க எனக்கு சாட்சி. ரெண்டாவது சாட்சி ரெண்டு பேருக்கும் இல்ல. ஆபீஸ்ல அந்த கண்ணாடி போட்ட அம்மா மனுவ வாங்கி வெச்சிகினாங்க. ஒரு ஆளு கொறையுது, இட்டுகினு வாங்கன்னாங்க. மூணு தபா தெருவுல வூடு வூடா கேட்டேன். கதவ தொறந்தவங்க கூட நெலப்படிய தாண்டி வரல.

கொஞ்ச மாசத்துல, ஆத்துக்கு அந்தாண்ட தான் ரன்வே நீளுதுன்னு பேச்சு வந்துச்சு. எங்க பக்கம் பேச்சு அடங்கிச்சு. தெருவுல அம்மனுக்கு கூழு ஊத்தினாங்க. வெள்ளை பூ காப்பாத்திச்சுன்னாங்க. எனக்கும் ஒரு சொம்பு ஊத்தினாங்க, குடிச்சேன். அந்த ஆபீஸ் அம்மா வேற ஊருக்கு மாத்தலாயி போயிட்டாங்க. புதுசா வந்தவர கேட்டா, "திட்டம் தூங்குது பெரியவரே, பேப்பரும் தூங்குது. எழுந்தா பாத்துக்கலாம்"ன்னாரு. அவரு ஆறுதலா தான் சொன்னாரு. எழுந்தா இன்னா ஆவும்னு நான் தான் தூங்கல. எங்கியோ ஒரு அலமாரியில ரெண்டு பேப்பர் கீது. ஒன்னுல நான் வாடகைக்காரன், இன்னொன்னுல ஓனரு. ரெண்டுலயும் அமுக்கினது இதே கட்டை வெரல் தான்.

இப்ப ஊருக்கு வெளிய புது ஏர்போர்ட்டுக்கு எங்கியோ அளக்கறாங்கன்னு பேசிக்கறாங்க. எனக்கு அந்த பக்கம் ஆளுங்கள தெரியாது. உனக்கு யாராச்சும் தெரிஞ்சா சொல்லு. வேணாம்னா வேணாம்னு சத்தம் போடட்டும், தர மாட்டேன்னு மறிக்கட்டும். ஆனா யாரு வூடுன்னு கேட்டா, என் வூடுன்னு சொல்ல சொல்லு.