கடைசி பெஞ்சுக்காரர்கள்

தக்கலைப் பக்கத்துக் கல்லூரியில் பழைய மாணவர் சந்திப்பு; எங்கள் வகுப்பறை. நான்கு பேர் இருக்கிறோம்: துபாய் சேவியர், வங்கி மேலாளர் சுயம்பு, எங்கள் வரலாற்று சார், இரண்டாம் ஆண்டோடு நின்றுபோன நான். ஏன் நின்றாய் என்று கேட்டுவிடுவார்களோ என்று காலையிலிருந்தே ஒரு பதிலை ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போட்டோவுக்காகச் சேவியரும் சுயம்புவும் கடைசி பெஞ்சுக்கு ஓடுகிறார்கள். அன்றைக்கு முதல் பெஞ்சுக்கு அடித்துக்கொண்டவர்கள்! வேலையும் வீடும் அமைந்தபின் உருப்படாதவனாக இருந்திருக்க ஆசை வந்துவிடுகிறது.

"அது நான் இருந்த இடமாக்கும்" என்கிறேன்.

"பட்டா வச்சிருக்கியாடே? முன்னால போய் இரி மக்கா" என்கிறான் சேவியர்.

முதல் பெஞ்சில் உட்காருகிறேன். சார் குனிந்து பார்க்கிறார். "முதல் பெஞ்சா? அப்போ நல்லா படிச்சிருப்பே. இப்போ என்ன ஜோலி?"

"படிப்பு பாதியில நிண்ணுட்டு சார்."

பின்னால் சேவியர் நகர்ந்து இடம் விடுகிறான். வேண்டாம். கடைசி பெஞ்சை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.